1,260 ரூபாய்க்கு விற்றால் 891.48 வருவது ஏன்? ஆன்லைன் விற்பனையாளருக்கான கட்டணக் கணக்கு

கடையில் விற்றால் கல்லாவில் விழுந்ததுதான் விற்பனை. ஆன்லைனில் அப்படிப் பார்த்தால் கணக்கு நேராகாது. வாடிக்கையாளர் கொடுத்தது ஒரு தொகை, அமேசான், மீஷோ போன்ற விற்பனைத் தளத்தின் ஸ்டேட்மென்ட்டில் நிற்பது ஒரு தொகை, வங்கியில் வந்து விழுவது இன்னொரு தொகை. வரி கட்ட வேண்டியது முதல் தொகைக்கு. புதிதாக வருபவர்கள் பலர் மூன்றாவதை வைத்துக்கொண்டே ஜிஎஸ்டி, லாபம் எல்லாம் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கரூரில் வாங்கிய டபுள் காட் பெட்ஷீட் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்ஷீட், இரண்டு தலையணை உறை. தளத்தில் விலை 1,260. 2,500 ரூபாய் வரையிலான இந்த வகைத் துணிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%. ஆக 1,260இல் பொருளின் மதிப்பு 1,200, வரி 60. இந்த 60 ஒரு நாளும் உங்கள் காசு இல்லை.

கமிஷன் 12%, குளோசிங் கட்டணம் 45, ஷிப்பிங் 110 என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குப் போட்டுப் பார்க்க எடுத்த எண்கள்தான். உங்கள் பொருளுக்கான எண்களைத் தளத்தின் ரேட் கார்டில் (கட்டணப் பட்டியலில்) எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை விலை: 1,260.00
கமிஷன் (1,260க்கு 12%): −151.20
குளோசிங் கட்டணம்: −45.00
ஷிப்பிங்: −110.00
மேற்படி 306.20க்கு 18% ஜிஎஸ்டி: −55.12
டிசிஎஸ், தளம் முன்கூட்டியே பிடிக்கும் ஜிஎஸ்டி (1,200க்கு 0.5%): −6.00
டிடிஎஸ், தளம் முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி (1,200க்கு 0.1%): −1.20
உங்களுக்கு வருவது: 891.48

கமிஷன் 12% என்றதும் "நூற்றுக்கு 12தானே போகும்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இங்கே பிடித்தம் மொத்தம் 368.52, அதாவது விலையில் 29%. கமிஷன் அதில் பாதிகூட இல்லை.

ஒவ்வொரு பிடித்தமும் என்ன

கமிஷனை அமேசான் ரெஃபரல் கட்டணம் என்கிறது. பொருளின் வகையையும் விலையையும் பொறுத்து விகிதம் மாறும். வகையைத் தப்பாகப் போட்டு லிஸ்ட் செய்தால் விகிதமும் தப்பாகும், எனவே லிஸ்டிங் போட்ட அன்றே அந்த எஸ்கேயுவுக்கு (பொருளுக்கு நீங்கள் கொடுத்த அடையாளக் குறியீடு) எந்த வகைக் கட்டணம் காட்டுகிறது என்று பாருங்கள். மீஷோ 2021இல் ஜீரோ கமிஷன் என்று அறிவித்தது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பல வகைகளுக்கு ரெஃபரல் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஆனால் "ஜீரோ கமிஷன்" என்பது ஜீரோ கட்டணம் ஆகாது. ஷிப்பிங், ரிட்டர்ன், விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கும். 250 ரூபாய்ப் பொருளுக்கு 70 ரூபாய் ஷிப்பிங் போனால் கமிஷன் இல்லாததால் பெரிதாக என்ன மிச்சம்?

குளோசிங் கட்டணம் ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. விலைப் பட்டையைப் பொறுத்து ஏறும். பட்டையின் எல்லையில் விலை வைக்கும்போது கவனம் தேவை. எல்லை 1,000 என்றால் 1,010க்கு விற்பதைவிட 999க்கு விற்பதில் கையில் கூடுதலாக நிற்கலாம். இரண்டு விலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஷிப்பிங்கில்தான் அதிகக் காசு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எடை மெஷினில் காட்டும் எடைக்கு மட்டும் கட்டணம் போடுவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

நம் பெட்ஷீட் செட் பேக்கிங்கோடு 1.3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்கட்டும் என்று 40 × 32 × 12 செ.மீ. அட்டைப் பெட்டியில் போட்டால் 15,360 ÷ 5,000 = 3.07 கிலோ. கிலோ கணக்கில் ஏறும் பட்டையில் இது 4 கிலோவாகப் போகும். அதே செட்டை இறுக்கி மடித்து, காற்றை வெளியேற்றி, கூரியர் கவரில் 36 × 28 × 6இல் அடக்கினால் 6,048 ÷ 5,000 = 1.21 கிலோ. இப்போது உண்மை எடையான 1.3தான் அதிகம், 2 கிலோப் பட்டை. அந்த 0.07 கிலோவைக் கவனியுங்கள். பெட்டியின் உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தாலே 3 கிலோவுக்குள் நின்றிருக்கும்.

ஷிப்பிங் தூரத்தைப் பொறுத்தும் மாறும். ஊருக்குள், மண்டலத்துக்குள், நாடு முழுக்க என்று பிரிப்பார்கள். கரூரிலிருந்து திருச்சிக்குப் போவதும் குவாஹாட்டிக்குப் போவதும் ஒரே கட்டணம் இல்லை. விலை வைக்கும்போது நாடு முழுக்க என்ற கட்டணத்தையே போட்டுக் கணக்குப் பார்ப்பது பாதுகாப்பு. பக்கத்து ஊர் ஆர்டர் வந்தால் அது மிச்சம்.

உங்கள் சரக்கைத் தளத்தின் கிடங்கில் வைத்தால் பிக் அண்ட் பேக் (எடுத்துக் கட்டும் கூலி), ஸ்டோரேஜ் என்று இன்னும் இரண்டு கட்டணம் வரும். ஓடாத சரக்கு அங்கே கிடந்தால் மாதாமாதம் வாடகை ஓடும். கிடங்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்திலும் தனி ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். ஆரம்பத்தில் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

திரும்பி வரும் பிடித்தங்கள்

மேலே உள்ள பிடித்தங்களில் 55.12, 6.00, 1.20 மூன்றும் செலவு இல்லை. கேட்டு வாங்கத் தெரிந்தால் திரும்பி வரும், கேட்காவிட்டால் போனதுதான்.

55.12 என்பது தளம் உங்களிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி. தளம் மாதாமாதம் உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு இன்வாய்ஸ் போடும், அது ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் வரவுகளைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் தெரியும். உள்ளீட்டு வரி வரவாக எடுத்து நீங்கள் கட்ட வேண்டிய 60இல் கழித்துக்கொள்ளலாம். தளத்தின் கணக்கில் ஜிஎஸ்டி எண்ணை ஒரு எழுத்து தப்பாகப் போட்டிருந்தால் இந்த வரவு வராது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் சிறு சதவீதம் வரி கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவர்களுக்கும், பதிவே இல்லாமல் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கும் உள்ளீட்டு வரவு கிடையாது. இந்த இரு பிரிவினரும் தளங்களில் விற்க 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி உண்டு, ஆனால் அவர்களுக்கு 55.12 முழுச் செலவு. விலையை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

டிசிஎஸ் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி தளம் பிடிப்பது. 2018 அக்டோபர் 1இல் 1% என்று தொடங்கி, 2024 ஜூலை 10 முதல் 0.5% ஆனது. திரும்பி வந்த பொருள் போக நிகர விற்பனைக்குத்தான் இந்தப் பிடித்தம். தளம் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 (தளம் தன் டிசிஎஸ் கணக்கைக் காட்டும் படிவம்) போடும். அதன்பின் நீங்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ரிட்டர்ன்ஸ் பகுதியில் "டிடிஎஸ் அண்ட் டிசிஎஸ் கிரெடிட் ரிசீவ்டு" என்ற படிவத்தைத் திறந்து, மாதத்தைத் தேர்ந்து, அதில் உள்ள ஒவ்வொரு பதிவையும் ஏற்று, ஓடிபி மூலம் ஃபைல் செய்ய வேண்டும். அப்போதுதான் தொகை உங்கள் எலெக்ட்ரானிக் கேஷ் லெட்ஜருக்கு வரும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாக வந்துவிடும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தாலும் வராது.

டிடிஎஸ் வருமானவரிக் கணக்கு. 194-ஓ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண் மாறிவிட்டது, பேச்சு வழக்கில் பழைய எண்ணே ஓடுகிறது. 2020 அக்டோபரில் 0.75%, 2021 ஏப்ரல் முதல் 1%, 2024 அக்டோபர் 1 முதல் 0.1%. தனிநபரோ இந்துக் கூட்டுக் குடும்பமோ பான் கொடுத்து, அந்தத் தளத்தில் ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிடிக்க மாட்டார்கள். பான் கொடுக்காவிட்டால் 5%. நம் கணக்கில் 1.20க்குப் பதில் 60 ரூபாய் போகும். பிடித்தது பான் எண்ணில் வரவாக இருக்கும், வருமானவரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

இப்போது உண்மைக் கணக்கு: 1,200இல் 306.20 கட்டணம் போக 893.80. வங்கிக்கு வந்த 891.48க்கு இது பக்கத்தில் இருப்பது தற்செயல், 5% பொருள் என்பதால் அப்படி அமைந்தது. 18% பொருளை 1,180க்கு விற்றால் 180 அரசுக்குரியது, வங்கித் தொகைக்கும் உங்கள் தொகைக்கும் பெரிய இடைவெளி விழும். அடக்க விலை ஜிஎஸ்டி நீங்கலாக 680, பேக்கிங் 18 என்றால் ஒரு செட்டில் லாபம் 195.80.

ரிட்டர்ன் வந்தால்

எந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பது தளத்துக்குத் தளம் வேறு. கமிஷனும் குளோசிங் கட்டணமும் திரும்பி, போன ஷிப்பிங் 110 திரும்பாமல், வரும் ஷிப்பிங் 130 கூடுதலாக விழுகிறது என்று வைப்போம். பேக்கிங் 18உம் போச்சு. ஒரு ரிட்டர்னுக்கு நஷ்டம் 258.

10 பார்சல் அனுப்பி 2 திரும்பினால்: 8 × 195.80 = 1,566.40. அதில் 516 கழிந்தால் 1,050.40. நாலு திரும்பினால் மிஞ்சுவது 142.80. அந்த நாலில் ஒன்று கறையோடு வந்து மறுபடி விற்க முடியாமல் போனால் 680 போய்விடும், பத்துப் பார்சலும் சேர்ந்து நஷ்டம். எனவே விலை வைக்கும்போது ரிட்டர்னை மறக்காதீர்கள். அளவை லிஸ்டிங்கில் அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் போடுவது, நிறத்தை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் காட்டுவது இரண்டும் ரிட்டர்னைக் குறைக்கும் மலிவான வழிகள்.

வாடிக்கையாளர் கைக்கே போகாமல் திரும்புவது ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்). கதவு பூட்டியிருந்தது, முகவரி தப்பு, கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்தது என்று காரணங்கள். இதற்கான கட்டணம் வாடிக்கையாளர் ரிட்டர்னுக்கு உள்ளதுபோல் இருக்காது, ரேட் கார்டில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இருப்பு எவ்வளவு, எடுக்கக்கூடியது எவ்வளவு

டாஷ்போர்டில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை மொத்த இருப்பு. அது முழுவதும் உடனே வங்கிக்கு வராது. டெலிவரி ஆகாத ஆர்டர், டெலிவரி ஆகியும் ரிட்டர்ன் காலம் முடியாத ஆர்டர் இவற்றின் பணத்தைத் தளம் நிறுத்திவைக்கும். அமேசானில் இது டிஃபர்ட், ரிசர்வ் என்ற பெயர்களில் தெரியும். அனுப்பிய நாள் வேறு, டெலிவரி நாள் வேறு, தொகை விடுவிக்கும் நாள் வேறு. சரக்கு வாங்கிய கடனுக்கு நாள் குறிக்கும்போது மூன்றாவது நாளை எண்ணுங்கள்.

ஒரு வாரத்து ஸ்டேட்மென்ட் இப்படி இருக்கலாம். முந்தைய வாரம் நிறுத்திவைத்த 4 ஆர்டரின் பணம் விடுவிக்கப்பட்டது, 3,565.92. இந்த வாரம் 12 ஆர்டர், தலா 891.48, மொத்தம் 10,697.76. ரிட்டர்ன் 2. ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளருக்கு 1,260 திருப்பித் தந்து, கமிஷன், குளோசிங், அவற்றின் ஜிஎஸ்டி, டிசிஎஸ், டிடிஎஸ் திரும்ப வந்து, ரிட்டர்ன் ஷிப்பிங்கும் அதன் ஜிஎஸ்டியும் கழிந்து 1,174.68 போகும். இரண்டுக்கு 2,349.36. விளம்பரம் 900, ஜிஎஸ்டியோடு 1,062. புதிதாக நிறுத்திவைத்தது 5 ஆர்டர், 4,457.40. ஆக வங்கிக்குப் போவது 6,394.92.

விற்றது 12 × 1,260 = 15,120. வந்தது 6,394.92. பணத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று பதறும் இடம் இதுதான். எழுதிக் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பைசாவுக்கும் ஸ்டேட்மென்ட்டில் கணக்கு இருக்கிறது. ஜிஎஸ்டிக்கு விற்பனையாகக் காட்ட வேண்டியது 6,394.92 இல்லை. 12 ஆர்டரின் விற்பனை மதிப்பு, ரிட்டர்ன் கழித்து. தளம் தன் ஜிஎஸ்டிஆர்-8இல் காட்டும் தொகையோடு உங்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இன் 14ஆம் அட்டவணை ஒத்துப்போக வேண்டும். வங்கித் தொகையைக் காட்டியவர்களுக்கு வித்தியாசம் கேட்டு நோட்டீஸ் வருவது அதனால்தான்.

விற்பனை குறைந்த வாரத்தில் ரிட்டர்னும் விளம்பரமும் கூடினால் இருப்பு மைனஸில் போகும். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் முன் இருப்பாக அது கழியும். தொடர்ந்து மைனஸ் என்றால் முதலில் நிறுத்த வேண்டியது விளம்பர பட்ஜெட்.

ஸ்டேட்மென்ட்டில் அனுப்பியதாகச் சொல்லும் தொகை வங்கியில் இல்லையென்றால் யுடிஆர் எண்ணை (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்) வைத்துத் தேடுங்கள். நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது, அதனால் ஞாயிறு, வங்கி லீவு என்பது காரணமாகாது. தொகை அனுப்பித் திரும்பிவிட்டது என்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கின் பெயரும் பதிவின் பெயரும் ஒத்துப்போகவில்லை, அல்லது வங்கி இணைப்பால் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கிறது.

வாரம் ஒரு முறை செய்ய வேண்டியது

டாஷ்போர்டின் வரைபடத்தை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள். செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை சிஎஸ்வியாக இறக்குங்கள். அதில் ஆர்டர் எண், எஸ்கேயு, பரிவர்த்தனை வகை, கட்டண விவரம், தொகை என்று பத்திகள் இருக்கும். ஒரே ஆர்டருக்கு ஆறேழு வரிசைகள் வரும். ஆர்டர் எண்ணை வைத்து எக்செலில் பிவட் (தொகுத்துக் கூட்டும் அட்டவணை) போட்டால் ஒவ்வொரு ஆர்டரிலும் கையில் நின்றது தெரியும், எஸ்கேயுவை வைத்துப் போட்டால் எந்தப் பொருள் சோறு போடுகிறது, எது காசைத் தின்கிறது என்று தெரியும்.

ஒரு பொறி உண்டு. கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். சேமித்துவிட்டால் அந்த எண்கள் போனதுதான், பிறகு எந்த ஆர்டரோடும் பொருந்தாது. டேட்டா மெனுவில் இம்போர்ட் செய்து, எண் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். தேதிப் பத்தியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 05-06 என்பது ஜூனா மே மாதமா என்பதில் ஜிஎஸ்டி மாதமே மாறிவிடும்.

பிவட்டில் ஷிப்பிங் தொகை ஒரே எஸ்கேயுவுக்கு ஒரு ஆர்டரில் 110, இன்னொன்றில் 170 என்று இருந்தால் முதலில் தூரத்தைப் பாருங்கள். தூரமும் ஒன்றுதான் என்றால் எடையைத் தப்பாக எடுத்திருக்கிறார்கள். இதற்கு வெயிட் டிஸ்ப்யூட் (எடை தப்பு என்ற புகார்) போட வேண்டும். ஆதாரம் இல்லாமல் போட்டால் நிற்காது: பேக் செய்த பார்சல் எடை மெஷின் மேல் இருக்கும் படம் ஒன்று, மூன்று பக்கமும் டேப் வைத்து அளவு தெரியும்படி எடுத்த படங்கள் மூன்று. நான்கிலும் ஷிப்பிங் லேபிள் தெரிய வேண்டும். ஒவ்வொரு பேக்கிங் அளவுக்கும் இதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ரிட்டர்ன் பார்சலைப் பிரிக்கும்போது லேபிளிலிருந்து தொடங்கி வெட்டாத ஒரே வீடியோ எடுங்கள். உள்ளே வேறு பொருளோ, கிழிந்ததோ இருந்தால் இழப்பீடு கேட்க அமேசானில் சேஃப்-டி கிளைம், பிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் கிளைம் போடுங்கள். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். மூலையில் குவித்து வைத்து மாதக் கடைசியில் மொத்தமாகப் பிரிப்பவர்களுக்குக் கெடு முடிந்திருக்கும். கிளைம் ஏற்கப்பட்டால் அந்தத் தொகை தனி வரிசையாக அடுத்த செட்டில்மென்ட்டில் வரும், அதே ஆர்டர் எண்ணின் கீழே பிவட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.